சிறைக்குள் இருக்கும் மாற்றுத்திறனாளிக்குப் பொறுப்பு யார்? தலைமைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஓர் அதிகாரி வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். மாற்றுத்திறனாளிகள் நலத் துறையும் தெரிந்தவர், சிறைத் துறையும் தெரிந்தவர், போட்ட இடத்தில் மூன்று வருடமாவது இருக்கப்போகிறவர். கேட்பதற்குச் சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் நம் நிர்வாகத்தில் அப்படி ஒருவர் உருவாவதற்கு வழியே இல்லை.

சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறைக்கு ஐபிஎஸ் அதிகாரி தலைவர்; அவருக்கு மேலே உள்துறைச் செயலாளர். மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்கு ஐஏஎஸ் அதிகாரி. அவருக்கு மேலே வேறொரு செயலாளர். கீழே இறங்கினாலும் இதே கதைதான். ஒரு பக்கம் உதவி ஜெயிலர், ஜெயிலர், கண்காணிப்பாளர், டிஐஜி என்று ஓர் ஏணி. இன்னொரு பக்கம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் இருக்கும் ஏணி. ஒன்றில் கால் வைத்தவர் ஓய்வு பெறும்வரை மற்றதைத் தொடமாட்டார். இரண்டும் சந்திக்கிற ஒரே இடம், கைது செய்யப்பட்ட ஒரு மாற்றுத்திறனாளியின் உடம்பு.

என்னைப் பற்றி இரண்டு வரி. காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சட்ட உதவி வழக்கறிஞர்கள் கூப்பிட்டால் சைகைமொழி பெயர்ப்பாளராக நீதிமன்றத்துக்குப் போவேன். சில சமயம் சிறைக்கும். எந்தச் சிறை, எந்த வழக்கு என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு கண்காணிப்பாளருக்கு மெமோ போய்விட்டால் விஷயம் முடிந்துவிட்டதாக ஆகிவிடும். எனக்கு அது வேண்டாம்.

2025 ஜூலை 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு உங்கள் மேஜைக்கு வந்திருக்கும். தசைச் சிதைவு நோயுள்ள ஒரு வழக்கறிஞர் 2020இல் கோவை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். தன் உடல்நிலைக்குத் தேவையான உணவும் மருத்துவமும் வசதியும் உள்ளே கிடைக்கவில்லை என்று மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போனார். அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றம், அப்புறம் டெல்லி. உயர் நீதிமன்றம் தந்த 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டை நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு கூட்டவில்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சிறைகளுக்கென்று நீளமான உத்தரவுகளைப் போட்டது. உள்ளே வரும்போதே ஒருவர் மாற்றுத்திறனாளியா என்று கண்டறிய வேண்டும். சிறை விதிகளை பிரெயிலிலும் பெரிய எழுத்திலும் சைகைமொழியிலும் எளிய நடையிலும் தர வேண்டும். சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை, பிசியோதெரபிக்கு இடம் வேண்டும். எல்லாச் சிறைகளிலும் ஆறு மாதத்துக்குள் அணுகல் தணிக்கை, அதாவது மாற்றுத்திறனாளிகள் அங்கே புழங்க முடிகிறதா என்ற சோதனை, முடிய வேண்டும். சிறைக் கையேட்டையும் அதே கெடுவுக்குள் திருத்த வேண்டும். பிற்பாடு இந்த உத்தரவுகள் மற்ற மாநிலங்களுக்கும் நீட்டிக்கப்பட்டன. ஆக, இந்த விஷயத்தில் நாடு முழுக்க நம் சிறைகளைத்தான் பார்க்கப்போகிறது.

அந்தத் தீர்ப்பில் நான் நின்று படித்த இடம் வேறு. சிறையில் இருந்த குறைகளுக்கு அங்கிருந்த அதிகாரிகளை நேரடியாகப் பொறுப்பாக்க முடியாமல் போகலாம், ஆனாலும் சீர்திருத்தம் அவசரமாகத் தேவை என்கிற அர்த்தத்தில் நீதிமன்றம் பேசுகிறது. நியாயம்தான். இந்தியர் பாணிக் கழிப்பறையை நேற்று வந்த ஜெயிலரா கட்டினார்? ஆனால் ஒரு குடிமகனாக அதைப் படிக்கும்போது அடுத்த கேள்வி தானாக வருகிறது. ஜெயிலர் பொறுப்பில்லை, கண்காணிப்பாளர் பொறுப்பில்லை, மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு உள்ளே வேலையே இல்லை என்றால், பெயர் சொல்லி யாரைக் கேட்பது?

ஆள் இல்லாத பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அசாமில் ஒரு கதை இருக்கிறது. மச்சாங் லாலுங் என்ற பழங்குடி இளைஞரை 1951இல் கைது செய்தார்கள். விசாரணை நடக்கவில்லை. மனநலம் சரியில்லை என்று தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967இல் மருத்துவமனை அவர் குணமாகிவிட்டார் என்று எழுதிக் கொடுத்தது. வழக்கை நடத்தியிருக்க வேண்டும், இல்லை விட்டிருக்க வேண்டும். நடந்தது, அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய் இன்னொரு சிறையில் போட்டார்கள். 2005 ஜூலையில் ஒரு ரூபாய் பிணையில் வெளியே வரும்போது வயது எழுபத்தேழு. ஐம்பத்து நான்கு வருடம். 2007இல் இறந்துபோனார்.

இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் கொடுமை என்பார்கள். எனக்கு அதைவிட விசித்திரமாகப் படுவது, இதில் வில்லன் என்று யாரையும் காட்ட முடியவில்லை என்பது. மருத்துவமனை தன் கடிதத்தை எழுதிவிட்டது. சிறை தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவரைப் பத்திரமாக வைத்திருந்தது. ஐம்பத்து நான்கு வருடத்தில் எத்தனை கண்காணிப்பாளர்கள், எத்தனை மருத்துவர்கள் வந்து போயிருப்பார்கள்! பாதிப் பேர் நல்லவர்களாகவே இருந்திருப்பார்கள். ஒரு துறையின் கோப்பு முடிகிற இடத்துக்கும் மற்ற துறையின் கோப்பு தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அப்போது பீகாரில் இருந்த ஹசாரிபாக் சிறையில் மனநலம் குன்றியவர்கள் என்று பல பத்தாண்டுகள் அடைத்து வைக்கப்பட்டவர்களை 1982இல் உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது. குற்றமே செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று 1993இல் மேற்கு வங்க வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம். அப்போது லாலுங் உள்ளேதான் இருந்தார்.

நம் ஊரில் அவ்வளவு மோசம் இல்லை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். ஒப்பீட்டில் உண்மையாகவே இருக்கலாம். சரி, நம் ஊர்ச் சிறைக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

காது கேளாத ஒருவர் ரிமாண்டில் வருகிறார் என்று வையுங்கள். அட்மிஷனில் பெயர், அப்பா பெயர், அங்க அடையாளம், கையில் இருந்த பணம் எல்லாம் பதிவாகும். மச்சம் எங்கே இருக்கிறது என்று எழுத இடம் உண்டு. அவரால் எப்படிப் பேச முடியும், எந்த மொழியில் புரியும் என்று எழுத இடம் இல்லை. நான் பார்த்த ஒரு பதிவில் ‘ஊமை’ என்று ஒரே வார்த்தை இருந்தது. அந்தப் பையன் ஊமை இல்லை. சைகையில் நிறுத்தாமல் பேசுவான். பேசுவதற்கு அங்கே ஆள் இல்லை.

காலையில் திறப்பு, மாலையில் லாக்கப், நடுவில் எண்ணிக்கை. எல்லாம் விசில், மணி, குரல். விசில் கேட்டு எழுந்து வரிசையில் நிற்காதவன் திமிர் பிடித்தவன். முதுகுக்குப் பின்னால் வார்டர் கூப்பிட்டுத் திரும்பாதவனும் அப்படியே. முதல் வாரத்தில் அடி வாங்காத காது கேளாத கைதியை நான் சந்தித்ததில்லை. இதை வார்டர்கள் மேல் புகாராகச் சொல்லவில்லை. ஒரு பிளாக்கில் நூற்றுக்கணக்கான பேரை இரண்டு மூன்று பேர் சமாளிக்கும்போது, இவனுக்குக் காது கேட்காது என்று யாரும் எழுதிக் கொடுக்காதபோது, அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மனு பார்க்கிற இடம், அதாவது குடும்பத்தார் வந்து கைதியைப் பார்க்கிற இடம், இன்னும் கஷ்டம். இரண்டு பக்கமும் வலை, நடுவில் இடைவெளி, இந்தப் பக்கம் இருபது குடும்பம், அந்தப் பக்கம் இருபது கைதி, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்த இரைச்சலில் காது கேளாதவருக்குத்தான் வசதி என்று தோன்றும். ஆனால் அடர்த்தியான இரட்டை வலைக்குப் பின்னால் அசைகிற விரல்கள் சரியாகத் தெரியாது. ஒரு அம்மா கையை உயர்த்தி உயர்த்திக் காட்டிக்கொண்டே இருந்தார். மகன் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்த்து ஓட்டை வழியாகப் பிடிக்கப் பார்த்தான். நேரம் முடிந்துவிட்டது. ஜாமீன்தாரர் கிடைத்துவிட்டாரா இல்லையா என்பது அவனுக்கு அன்றைக்குப் புரியவில்லை. மற்ற கைதிகளுக்கு வீட்டுக்குப் போன் பேசும் வசதி இருக்கிறது. அவனுக்கு அந்த ரிசீவரால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. வக்கீல்களைப் பார்க்கும் அறை மாதிரி நேருக்கு நேர் உட்காரும் ஓர் இடத்தில் கால் மணி நேரம் கொடுத்தால் போதும். செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கிற அதிகாரம் தனக்கு இருக்கிறது என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. விதியில் இல்லை என்றார்கள். உண்மைதான், 1983ஆம் வருடத்துத் தமிழ்நாடு சிறை விதிகளை எழுதியவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள்.

கால் முடியாதவர்கள் கதை வேறு. ஊன்றுகோலும் காலில் மாட்டும் காலிப்பர் கம்பியும் ஆயுதமாகலாம் என்ற பயம் சிறைக்கு உண்டு. அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். உள்ளே கரண்டியைக்கூடத் தேய்த்துக் கூராக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வாங்கி வைத்துவிட்டு வேறு எதையும் கொடுக்காமல் விட்டால், அந்த மனிதர் தரையில் தவழ்ந்துதான் கழிப்பறைக்குப் போக வேண்டும். உலோகத்துக்குப் பதில் என்ன கொடுக்கலாம் என்று சொல்லத் தெரிந்தவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். உபகரணம் அளந்து கொடுப்பதுதான் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் அன்றாட வேலை. சில நேரம் இரண்டு அலுவலகங்களும் ஒரே ஊரில், ஒரே பஸ் ரூட்டில்கூட இருக்கும்.

அப்புறம் உதவி. இதை வெளியே இருப்பவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. பார்வை இல்லாத கைதியைச் சாப்பாட்டு வரிசைக்குக் கூட்டிப்போவதும், கால் இல்லாதவரைத் தூக்கிக் குளிக்க வைப்பதும் சக கைதிகள்தான். பலர் அன்பாகச் செய்கிறார்கள், அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் சிறையில் எதற்கும் ஒரு விலை உண்டு. இன்றைக்குத் தூக்கிவிட்டவன் நாளைக்கு பீடிக் கட்டு கேட்பான், வீட்டிலிருந்து வந்த பணத்தில் பங்கு கேட்பான், அதற்கு மேலும் கேட்கலாம். கொடுக்காவிட்டால் தூக்கிவிட ஆள் வராது. பாதிக்கப்பட்டவர் புகார் செய்யவும் யாராவது அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவாவது, உதவியாளரை நியமிப்பதும் மாற்றுவதும் கண்காணிப்பதும் ஓர் அதிகாரியின் வேலையாக எழுதப்பட வேண்டும்.

பிசியோதெரபிக்கு அரசு மருத்துவமனை போக வேண்டும் என்றால் வழிக்காவலுக்கு ஆயுதப்படையிலிருந்து ஆள் வர வேண்டும். பந்தோபஸ்து நாளாக இருந்தால் வரமாட்டார்கள். தேதி தள்ளிப்போகும். தசைச் சிதைவு தள்ளிப்போகாது.

சட்டம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபரில் ஏற்றது. சுதந்திரம் பறிக்கப்பட்ட நிலையிலும் தகுந்த வசதி செய்து தரப்பட வேண்டும் என்று அதன் 14ஆவது பிரிவு நேராகவே சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆவது பிரிவு நீதியை அணுகும் உரிமையைப் பேசுகிறது. வழக்கு நடப்பதே புரியாத, குற்றம் சாட்டப்பட்ட ஒருவரை என்ன செய்வது என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 318ஆவது பிரிவு சொன்னது. புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அது 357 என்று எண் மாறி உட்கார்ந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் உண்டு. அவர் பரிந்துரை அனுப்பினால் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும்.

இதில் எனக்குப் பிடித்த, அதாவது சிரிப்பு வரவழைக்கிற, ஒரு பிரிவு 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டத்தின் 103. சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். என்ன அறிக்கை? தன் சிறையில் மனநோயுள்ள கைதிகள் யாரும் இல்லை என்று சான்றளிக்கும் அறிக்கை. ‘எத்தனை பேர் இருக்கிறார்கள்’ என்று கேட்டிருந்தால் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். இல்லை என்று எழுதச் சொன்னால் எழுதுவது சுலபம். இத்தனைக்கும் அதே பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பகுதியில் மனநல நிலையம் அமைக்கச் சொல்கிறது. சட்டம் எழுதியவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார்கள்; உள்ளே இருந்து படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த வாக்கியம் வேறு மாதிரி வந்திருக்கும்.

ஆக, சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம். அந்த ஆள் எங்கிருந்து வருவார் என்று யோசித்தால், நம் இடமாற்றப் பழக்கத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கோட்டைப் பேச்சு உங்களுக்குத் தெரியாததில்லை. மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்குப் போட்டால் ‘டம்மி போஸ்டிங்’ என்பார்கள். காவல் துறையில் ஒருவரைச் சிறைத் துறைக்கு மாற்றினால் ‘ஓரங்கட்டிட்டாங்க’ என்று பேசுவார்கள். இந்த இரண்டு நாற்காலிகளிலும் மனதார வேலை செய்த அதிகாரிகள் இருந்திருக்கிறார்கள், அவர்களுக்கு இது அநியாயமான பேச்சு. ஆனால் பேச்சு அப்படி இருக்கும்போது, வந்தவர் கிளம்பும் வழியைப் பார்க்கிறார். துறையைப் புரிந்துகொள்ளும் நேரத்துக்கு மாற்றல் வந்துவிடுகிறது. அடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். ஓரங்கட்டப்பட்டதாக நினைக்கும் அதிகாரியிடம் சமூகத்தால் ஓரங்கட்டப்பட்டவர்களை ஒப்படைப்பது என்ன மாதிரி ஏற்பாடு என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டு துறைகளையும் கடந்து வந்த ஒருவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். குன்னார் டிப்வாட் 1909இல் ஜெர்மனியில் பிறந்தவர். சட்டம் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவர். சிறைகளைப் பற்றி ஆராய்ந்தவர். அமெரிக்காவுக்குப் போய் சிறை, சிறார் சீர்திருத்தம், குழந்தை நலம் என்று மாநிலம் மாநிலமாக வேலை பார்த்தார். 1957இல் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோர் நடத்திய தேசியச் சங்கத்துக்கு நிர்வாகத் தலைவரானார். நல விடுதி என்ற பெயரில் அந்தப் பிள்ளைகளை அடைத்து வைத்திருந்த பெரிய கட்டடங்களைப் பார்த்ததும், பூட்டுக்குள் மனிதர்களை வைத்தால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே தெரிந்திருந்த அவருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டிருக்க வேண்டும். நீதிமன்றம் போங்கள் என்று பென்சில்வேனியா பெற்றோரைத் தூண்டியவர்களில் அவர் முக்கியமானவர். 1970களின் தொடக்கத்தில் முடிந்த அந்த வழக்கு, அந்தக் குழந்தைகளுக்கும் பள்ளிப் படிப்பு உரிமை உண்டு என்று நிலைநாட்டியது. அதை மற்ற மாநிலங்களும் பின்பற்றின. சிறையில் தொடங்கி மாற்றுத்திறனாளிகளிடம் வந்து சேர்ந்த ஒரு வாழ்க்கை அது. நான் கேட்பது அதன் எதிர்த்திசையில்: நலத் துறையில் தொடங்கி சிறைக்குள் போகிற ஒருவர்.

வெளிநாடு எதற்கு, நமக்கே ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. சுப்பிரமணிய சிவா 1908இல் சிறைக்குப் போனார். 1912இல் வெளியே வரும்போது தொழுநோயோடு வந்தார். ரயிலில் ஏறக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்தது. புண்ணான காலோடு நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலையில் பாப்பாரப்பட்டியில் இறந்தார். நூறு வருடம் கழித்து நம் சட்டத்தின் 21 வகைகளில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் ஒரு வகை. சிலை வைத்திருக்கிறோம், மணிமண்டபம் கட்டியிருக்கிறோம். உள்ளே போகும்போது நல்ல உடம்போடு போய் வெளியே வரும்போது குறைபாட்டோடு வருகிறவர்கள் இன்றும் உண்டு. அடிதடியில் கை போனவர், கவனிக்காத சர்க்கரையில் கால் விரல் போனவர், பக்கவாதம் வந்தவர். வெளியே வந்ததும் அவர் முதலில் போய் நிற்க வேண்டியது மருத்துவ வாரியத்தின் முன்னால், சான்றிதழுக்கு. அதை உள்ளே இருக்கும்போதே முடித்து, அடையாள அட்டையைக் கையில் கொடுத்து அனுப்பலாம். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கொடுக்கிற மாநிலம் இது. விடுதலையான நாளிலிருந்து அது கிடைக்க ஒரு கையெழுத்து போதும். யாருடைய கையெழுத்து என்பதுதான் பிரச்சினை.

திருச்சி மாவட்டத்தில் பிறந்த பாதிரியார் ஸ்டான் சுவாமியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கையோடு மும்பைக்குப் பக்கத்தில் தலோஜா சிறையில் இருந்தார். 2020 நவம்பரில் தண்ணீர் குடிக்க உறிஞ்சு குழலும் மூடி போட்ட குவளையும் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. பதில் சொல்ல இருபது நாள் அவகாசம் கேட்டார்கள். 2021 ஜூலை 5ஆம் தேதி, 84ஆவது வயதில், காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் இறந்தார். அந்த வழக்கின் அரசியலை விட்டுவிடுவோம். ஒரு பிளாஸ்டிக் குழலைக் கொடுக்கலாமா கூடாதா என்று முடிவெடுக்க ஓர் ஆள் அந்தச் சிறையில் இல்லை என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் இருந்த பேராசிரியர் ஜி.என். சாய்பாபாவை நாக்பூர் சிறையின் அண்டா செல் என்கிற முட்டை வடிவத் தனிமை அறையில் வைத்திருந்தார்கள்; 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, அக்டோபரில் இறந்துவிட்டார். இந்த இருவருக்கும் ஊர் அறிந்த பெயர் இருந்தது, பேச ஆள் இருந்தது. கிளைச் சிறையில் திருட்டு கேஸில் கிடக்கிறவருக்கு யார் மனு போடுவார்கள்?

என் யோசனையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகம் தெரிந்தவர்கள் இதைவிட நன்றாக எழுதலாம்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்களில் விருப்பமுள்ளவர்களை அயற்பணியில் சிறைத் துறைக்கு எடுங்கள். புழல் இரண்டு, வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று மத்திய சிறைகள் ஒன்பதுதான். பெண்கள் தனிச் சிறைகளையும் சேர்த்துக்கொண்டாலும் பெரிய எண்ணிக்கை இல்லை. மத்திய சிறைக்கு ஒருவர் என்று போட்டு, சுற்றியுள்ள கிளைச் சிறைகளையும் அவரிடமே கொடுக்கலாம். சிறை நல அலுவலர் என்று ஏற்கெனவே இருக்கிறாரே என்பீர்கள். அவர் எல்லாக் கைதிக்கும் பொதுவானவர். வேலை தலைக்கு மேல் இருக்கிறது. அவருக்கு இன்னொரு பதிவேட்டைக் கொடுத்தால் அந்தப் பதிவேடு நிரம்பும், அவ்வளவுதான் நடக்கும்.

அவர் கண்காணிப்பாளரின் கீழ் இருக்கட்டும், ஆனால் அவருடைய அறிக்கை மாநில ஆணையருக்கும் நேராகப் போகட்டும். இது முக்கியம். கண்காணிப்பாளர் வழியாக மட்டும் போனால் மெருகேறித்தான் போகும். சிறைக்கு வரும் அதிகாரபூர்வப் பார்வையாளர்கள் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவரே இருக்கட்டும். சாய்தளம் இருக்கிறது என்று எழுதுவதற்கும் அதில் ஏறிப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அந்தப் பணிக்காலத்தைப் பதவி உயர்வுக்குக் கணக்கில் எடுங்கள். இல்லாவிட்டால் நல்லவர்கள் யாரும் வரமாட்டார்கள், வந்தவரும் தண்டனையாக நினைப்பார். மூன்று வருடத்துக்கு முன்னால் மாற்றினால் காரணம் எழுத வேண்டும் என்று அரசாணையிலேயே போடுங்கள். இதே மாதிரி, கண்காணிப்பாளராகப் போகிறவர்கள் ஆறு மாதமாவது மாற்றுத்திறனாளிகள் நலத் துறையில் பயிற்சி எடுக்கட்டும். வகுப்பில் உட்காரும் பயிற்சி வேண்டாம். மருத்துவ முகாமில் வரிசையை ஒழுங்குபடுத்தட்டும், உபகரணம் வழங்கும் இடத்தில் நிற்கட்டும், மனுநீதி நாளில் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். சிறையில் இருந்து வருகிறவருக்கு முதல் வாரம் கடுப்பாக இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

மாநில அளவில், உங்கள் இரண்டு செயலாளர்களுக்கும் பதில் சொல்கிற ஒரு சிறப்பு அலுவலர் வேண்டும். முதல் தடவை அந்த இடத்துக்குச் சரியான ஆள் கிடைப்பது கஷ்டம்தான், இரண்டையும் பார்த்தவர் இல்லையே. ஐந்தாறு வருடம் கழித்து, மேலே நான் சொன்ன அலுவலர்களிலிருந்து ஒருவர் அந்த நாற்காலிக்கு வருவார். அப்போதுதான் ஏற்பாடு உண்மையில் தொடங்கும்.

பாதுகாப்பு கெட்டுவிடும் என்று சிறைத் துறையிலிருந்து ஆட்சேபம் வரும். அது நேர்மையான கவலை என்றே நினைக்கிறேன். அதற்குப் பதில் சொல்லவும் உள்ளே இருக்கும் ஆள்தான் வேண்டும். எந்த ஊன்றுகோலில் உலோகம் இருக்கிறது, எந்தக் காதுக்கருவியின் பேட்டரியை எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர் முடிவெடுத்தால், வாசல் காவலரும் நிம்மதியாக இருப்பார். இன்றைக்கு அந்த முடிவைப் பயத்தில் எடுக்கிறார்கள்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று. உச்ச நீதிமன்றம் கேட்ட அணுகல் தணிக்கைக்கான ஆறு மாதக் கெடு தாண்டிவிட்டது. அந்த அறிக்கையைச் சிறைவாரியாகப் பொதுவில் வையுங்கள். எத்தனை மாற்றுத்திறனாளிக் கைதிகள், எந்த வகைக் குறைபாடு, எத்தனை பேர் விசாரணைக் கைதிகள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிடுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடாவருடம் போடும் சிறைப் புள்ளிவிவரத்தில் கைதிகளின் சாதி, மதம், படிப்பு எல்லாம் இருக்கும். இந்தக் கணக்கைத் தேடினால் கிடைக்காது. தமிழ்நாடு முதலில் எண்ணிக் காட்டட்டும்.

அலுவலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும்போது சைகைமொழிக்கு ஆள் தேவைப்பட்டால் நானும் என்னோடு வேலை செய்தவர்கள் சிலரும் வரத் தயார். பஸ் கட்டணம் கொடுத்தால் போதும். அந்த அம்மாவும் மகனும் பார்த்துக்கொண்ட சிறையில் மனு பார்க்கும் இடத்தில் வலைக்குப் பதில் ஒரு கண்ணாடி போடுவதற்கான கோரிக்கையைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதற்கும் ஒரு பதில் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்

நகல்:
உள்துறைச் செயலாளர்
மாற்றுத்திறனாளிகள் நலத் துறைச் செயலாளர்
சிறைத் துறைத் தலைமை இயக்குநர்
மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்
மாநில மனித உரிமை ஆணையம்